கேட்கிறவருக்குச் சொல்ல

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் சாட்சி சொல்லுவதை, அதாவது நம் விசுவாசத்தைப் பிறருக்கு எடுத்துச் சொல்லுவதைப் பற்றிப் பேச்சு வந்தால், வாலிபர் முகாமாக இருந்தாலும் கன்வென்ஷன் பந்தலாக இருந்தாலும், பேதுருவின் முதலாம் நிருபத்திலிருந்து ஒரு வசனத்தை யாராவது எடுத்து வாசிக்காமல் விடமாட்டார்கள். "உங்களிலிருக்கிற நம்பிக்கையைக்குறித்து உங்களிடத்தில் விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்." உத்தரவு என்பது இங்கே பதில், வணக்கம் என்பது மரியாதை. வாசித்து முடித்ததும் பிரசங்கியார் "எப்பொழுதும் ஆயத்தம்" என்பதில் நின்றுகொள்வார், பேருந்தில், ரயிலில், கடைத்தெருவில் வாய்ப்பைத் தவறவிட்டவர்கள் கைகளை உயர்த்தச் சொல்லுவார், பாதிப் பந்தல் குற்ற உணர்ச்சியோடு கை தூக்கும். அந்த வசனத்தில் முதலில் வாயைத் திறக்கிறவர் விசுவாசி அல்லர், கேட்கிற அயலார்தான் என்பதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. விசுவாசியின் முறை அதற்குப் பிறகுதான் வருகிறது.

இந்தக் கடிதம் யாருக்கு எழுதப்பட்டது என்று பார்த்தால் காரணம் விளங்கும். பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா, ஆசியா, பித்தினியா என்று அதன் முதல் வசனமே இடங்களை வரிசைப்படுத்துகிறது. எல்லாம் இன்றைய துருக்கிக்குள் அடங்கும் பகுதிகள். அங்கே சிதறிக் கிடந்தவர்கள் போதகர்களோ தர்க்கம் படித்தவர்களோ அல்லர். வேலைக்காரர்களுக்கு ஒரு பகுதி, விசுவாசியாத புருஷர்களோடு குடும்பம் நடத்திய மனைவிகளுக்கு ஒரு பகுதி என்று பேதுரு பிரித்து எழுதுவதைப் பார்த்தால், வீட்டிலும் வேலையிடத்திலும் பிறர் கைக்கு அடங்கி வாழ்ந்தவர்களே அந்தச் சபைகளில் நிறைய இருந்தார்கள் என்று தெரிகிறது. நாம் பார்த்த வசனம் இருக்கிற மூன்றாம் அதிகாரத்தின் தொடக்கத்தில், வசனத்துக்குக் கீழ்ப்படியாத புருஷர்கள் "போதனையின்றி" மனைவிகளின் நடக்கையினாலேயே ஆதாயப்படுத்தப்படக்கூடும் என்று எழுதிவிட்டுத்தான், பதினைந்தாம் வசனத்தில் கேட்கிறவர்களுக்கு உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருக்கச் சொல்லுகிறார். இந்த இரண்டையும் பிரித்து, பின்னதை மட்டும் மேடையேற்றுவது நாம் செய்துகொண்ட வசதி.

அந்தப் பித்தினியாவில் கேள்வி எப்படியெல்லாம் வரும் என்பதற்கு வெளியிலிருந்தே ஒரு சான்று இருக்கிறது. ஏறத்தாழ கி.பி. 112இல் பித்தினியா, பொந்து பகுதிகளின் ஆளுநராக இருந்த பிளினி, கிறிஸ்தவர்களை என்ன செய்வது என்று ரோமப் பேரரசர் திராயானுக்குக் கடிதம் எழுதினார். பிடித்து வரப்பட்டவர்களிடம், நீ கிறிஸ்தவனா என்று தண்டனையைச் சொல்லி மிரட்டி மூன்று முறை கேட்டதாகவும், ஆம் என்று நின்றவர்களைக் கொலைக்களத்துக்கு அனுப்பியதாகவும் அவரே எழுதுகிறார். முன்பு கிறிஸ்தவர்களாக இருந்து விலகிவிட்டவர்கள் அவரிடம் சொன்னது மிக எளிய செய்தி: குறித்த நாளில் விடியுமுன் கூடுவோம், கிறிஸ்துவைத் தெய்வமாக எண்ணிப் பாட்டுப் பாடுவோம், களவு, விபசாரம் செய்வதில்லை, சொன்ன சொல் தவறுவதில்லை, நம்பி ஒப்படைத்த பொருளைத் திருப்பிக் கேட்டால் மறுப்பதில்லை என்று ஆணையிட்டுக்கொள்வோம், பிறகு சாதாரண உணவைச் சேர்ந்து உண்போம். மேலும் அறிவதற்காகச் சபையில் ஊழியம் செய்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்தேன், வரம்பு கடந்த மூடநம்பிக்கையைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை என்று முடிக்கிறார். அந்தப் பெண்களின் பெயரைக்கூட அவர் எழுதவில்லை. சபையில் என்ன செய்தார்களோ அதைத் தவிர வேறு சொல்ல அவர்களிடம் எதுவும் இருக்கவில்லை என்பதை மட்டும் அந்த அதிகாரியின் எரிச்சல் நமக்குக் காட்டிக்கொடுக்கிறது.

நம்மிடம் யார் கேட்கிறார்கள்? என் அனுபவத்தில், நற்செய்திப் பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தருகிற கேள்விகளை யாரும் கேட்பதில்லை. "நீங்கள் இன்றிரவு மரித்தால் எங்கே போவீர்கள்?" என்று நாம்தான் அயலாரிடம் கேட்கிறோமே தவிர, அவர்கள் நம்மிடம் கேட்பவை வேறு. "கோயில் பிரசாதம் ஏன் வாங்க மாட்டேங்கிய?" "வேளாங்கண்ணிக்குப் போறவங்களும் நீங்களும் ஒண்ணா, வேறயா?" "சிலுவையில செத்தவரை எப்படிச் சாமின்னு கும்பிடுதிய?" கொஞ்சம் நெருங்கிப் பழகியவர் என்றால், குரலைத் தாழ்த்தி, "உங்க சபையிலயும் சாதி பாக்கத்தானே செய்றாங்க?" என்றும் கேட்பார். இந்தக் கடைசிக் கேள்விக்கு ஆயத்தமாகாதவர் மற்ற எந்தக் கேள்விக்கும் ஆயத்தமானவர் அல்லர் என்றே நான் நினைக்கிறேன்.

ஏனென்றால் அந்தக் கேள்விக்குள் பொய் இல்லை. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேற்றுமையை உடனடியாக, முற்றிலுமாக விட்டொழிக்க வேண்டும் என்று எழுதியபோது, தஞ்சாவூர்ச் சபையாரில் பலர் அதை எதிர்த்து ஆராதனையை விட்டே விலகினார்கள். இன்றும் நாம் உருகிப் பாடுகிற கீர்த்தனைகளை எழுதிய வேதநாயகம் சாஸ்திரியாரும் அந்த எதிர்ப்பின் பக்கமே நின்றார். கத்தோலிக்கர் பக்கத்தில் வடக்கன்குளம் கோயில், சாதிக்கொரு பக்கமாக இரண்டு நடைகளோடு கட்டப்பட்டு, நடுவில் சுவரும் எழுப்பப்பட்ட வரலாறு உடையது. இன்றைக்கும் தனித்தனிக் கல்லறைத் தோட்டங்கள் உண்டு. திருமண்டலத் (பேராயரின் கீழுள்ள சபைகளின் நிர்வாகத்) தேர்தல் வந்தால் எந்தச் சாதிக்கு எத்தனை இடம் என்று கணக்குப் போடாதவர்கள் குறைவு. இதையெல்லாம் வைத்துக்கொண்டு "கிறிஸ்துவுக்குள் யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை" என்ற வசனத்தை மட்டும் எடுத்துச் சொன்னால், எதிரில் இருப்பவர் மரியாதைக்காகத் தலையாட்டுவார். அடுத்த முறை கேட்கமாட்டார். "ஆமாம், இருக்கிறது; அது எங்கள் வேதத்துக்கு விரோதமானது; எங்கள் சபையில் இன்னும் அதை ஒழிக்கவில்லை" என்று சொல்ல முடிந்தால், அதற்குப் பிறகு இயேசுவைப் பற்றி நாம் சொல்லுவதில் அவர் கொஞ்சமாவது காது கொடுப்பார். இப்படிச் சொல்லுவது சபையைக் காட்டிக்கொடுப்பது என்று எங்கள் பெரியவர்களில் சிலர் வருத்தப்படுவார்கள். பேதுரு மறுதலித்ததை நான்கு சுவிசேஷங்களும் எழுதி வைத்திருக்கின்றன. அதனால் திருச்சபைக்கு ஒன்றும் குறைந்துபோய்விடவில்லை.

கேட்கிற கேள்வி எங்கிருந்து புறப்படுகிறது என்பதை நான் நன்றாகப் பார்த்தது என் அம்மா இறந்த பிறகுதான். என்னோடு வேலை பார்க்கிற அண்ணாச்சி ஒருவர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், நெல்லையப்பர் கோயிலுக்குத் தவறாமல் போகிறவர், அடக்கத்துக்கு எங்கள் ஊருக்கு வந்திருந்தார். வீட்டு முற்றத்தில் எங்கள் சபை ஐயர் (போதகர்) ஜெபம் செய்து பெட்டியை எடுத்ததிலிருந்து, ஆலய மணி அடிக்க, தெரு வழியாக ஆலயத்துக்கும் அங்கிருந்து கல்லறைத் தோட்டத்துக்கும் போகிறவரை ஊரார் பாடிக்கொண்டே வந்ததை அவர் கடைசி வரிசையில் செருப்பைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டு வந்தார். காரியமெல்லாம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய பிறகு, மத்தியானச் சாப்பாடு முடிந்து டிபன் கேரியரைக் கழுவிக் கவிழ்த்த நேரத்தில் கேட்டார்.

"தம்பி, ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா நெனச்சிரக் கூடாது. அம்மையை எடுக்கையில நீங்க எல்லாரும் பாட்டுல்லா படிச்சிய. எப்படி முடிஞ்சுது?"

"அழாம இல்ல அண்ணாச்சி. முந்தின ராத்திரி முழுக்க அழுதோம். அம்மாவைத் திரும்பப் பார்ப்போம்னு நம்புதோம். அதான் பாட முடியுது."

"உறுதியாத் தெரியுமா?"

"பாத்துட்டு வந்து சொல்லுதவன் இல்லையே நான். இயேசு செத்து எந்திரிச்சாருன்னு நம்புதோம். அவரு எந்திரிச்சதுனால எங்களையும் எழுப்புவாருன்னு நம்புதோம். அம்மாவும் அப்படி நம்பித்தான் போனா."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்தில் தாமிரபரணிக் கரையில் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கும்போது எள்ளையும் தண்ணீரையும் கையில் ஏந்தியிருக்கிற அந்த ஒரு நிமிஷம் மட்டும் அப்பா பக்கத்தில் நிற்கிற மாதிரித் தோன்றும் என்றும், படி ஏறி மேலே வந்துவிட்டால் அந்த எண்ணம் போய்விடும் என்றும் சொன்னார். அவருடைய அப்பா எப்படி இறந்தார், கடைசி நேரத்தில் தாம் பக்கத்தில் இல்லாமல் போனது எப்படி என்பதையும் சொன்னார். சாப்பாட்டு இடைவேளை முடிந்தும் அவர் பேசிக்கொண்டிருந்தார்; நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் தர்ப்பணம் சரியா தவறா என்று நான் வாய் திறந்திருந்தால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். அவர் இன்றும் நெல்லையப்பர் கோயிலுக்குப் போகிறார். பண்டிகைக்குப் பண்டிகை எங்கள் வீட்டுக் கேக்கும் அவர் வீட்டு அதிரசமும் கைமாறுகின்றன. அவ்வப்போது வேறு கேள்விகளும் வருகின்றன. இதைச் சாட்சி என்று கணக்கில் சேர்க்கலாமா என்று எங்கள் ஜெபக்குழுவில் ஒருவர் கேட்டார். பேதுரு கேட்டதில் இதற்குமேல் என்ன குறைகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

கேட்பதும் ஆயத்தத்தின் பாதி என்பதற்கு நம் நாட்டில் பழைய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, தமிழ்ப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரை அமர்த்தி, பிள்ளைகளோடு பிள்ளையாக மணலில் எழுத்துப் பழகினார் என்பது எங்கள் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஏட்டுச் சுவடிகளைத் தேடி வாங்கிச் சேர்த்து, 1708இலேயே அவற்றுக்கு ஒரு பட்டியல் எழுதினார். 1712க்கும் 1714க்கும் இடையில் தமிழர்களிடம் அவர்களுடைய வழிபாடு, ஒழுக்கம், மருத்துவம், கிறிஸ்தவத்தைப் பற்றிய எண்ணம் என்று கேள்விகளை அனுப்பி, அவர்கள் எழுதிய பதில்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்து, தம் மிஷனுக்கு ஆதரவாக இருந்த ஜெர்மனியின் ஹாலே நகருக்கு அனுப்பினார்; அப்படி 99 கடிதங்கள் அச்சாயின. கிறிஸ்தவர்களை ஏன் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்ற கேள்விக்கு வந்த பதில்களில் பூச்சு ஒன்றும் இல்லை: உங்கள் ஆட்கள் குடிக்கிறார்கள், மாட்டை அடித்துத் தின்கிறார்கள், சுத்தம் பார்ப்பதில்லை, உங்கள் வேதம் நல்லதாக இருக்கலாம், உங்கள் நடத்தை அப்படி இல்லை என்ற கருத்தில் எழுதினார்கள். அதை மறைக்காமல் தம்மை அனுப்பியவர்களுக்கே பெயர்த்து அனுப்பியதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் 1713இல் எழுதி முடித்த விரிவான நூலை ஹாலேயில் இருந்தவர்கள் விரும்பவில்லை. அது அச்சேற 1867 வரை, அதுவும் சென்னையில், காத்திருக்க வேண்டியிருந்தது. சீகன்பால்கின் கருத்துகள் எல்லாம் நமக்கு ஏற்றவை என்று சொல்லமாட்டேன். அவர் தம் காலத்து மிஷனரிதான், விக்கிரக வழிபாட்டைக் கடுமையாகவே கண்டித்தார். ஆனால் எதிராளி என்ன நம்புகிறார் என்பதை அவர் வாயாலேயே கேட்டறிந்த பிறகே அவர் பேசினார். முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும், பக்கத்து வீட்டுக்காரர் எதற்காக விரதம் இருக்கிறார் என்று தெரியாமலே அவருக்கு நற்செய்திக் கைப்பிரதி கொடுக்கிறவர்களாக நாம் இருக்கிறோம்.

இங்கே சட்டத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தக் காலத்தில் அதைத் தொடாமல் இந்தப் பொருளைப் பேச முடியாது. அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், உடல்நலம் ஆகியவற்றுக்கு உட்பட்டு, எந்த மதத்தையும் ஏற்கவும் கடைப்பிடிக்கவும் பரப்பவும் எல்லாருக்கும் உரிமை தருகிறது. "பரப்ப" என்ற உரிமையைச் சேர்க்கலாமா கூடாதா என்று 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் விவாதம் நடந்தபோது, சேர்க்கலாம் என்று பேசியவர்களில் டி.டி.கிருஷ்ணமாச்சாரி ஒருவர்; தாம் ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் கிறிஸ்தவக் கல்விக்கூடங்களில் படித்ததாகவும், தம்மை மதம் மாற்ற ஒரு முயற்சியும் நடக்கவில்லை என்றும் அங்கே குறிப்பிட்டார். ஒரு வைணவர் அந்தச் சபையில் எழுந்து நமக்காகச் சொன்ன அந்தச் சாட்சியத்துக்கு ஈடாக எந்த வழக்கறிஞரின் வாதமும் நிற்காது. அதைச் சம்பாதித்துக் கொடுத்தவர்கள் வகுப்பில் ஒழுங்காகப் பாடம் நடத்திய பேராசிரியர்கள். 1977இல் உச்ச நீதிமன்றம், பரப்பும் உரிமை என்பது தன் மதக் கொள்கையை எடுத்துச் சொல்லும் உரிமையே, இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று தீர்ப்பளித்தது. நம் மாநிலத்திலும் 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து, பின்னர் திரும்பப் பெறப்பட்டது.

இந்த வரலாற்றைச் சொன்னால் சிலருக்கு அச்சம் வருகிறது, சிலருக்கு வீம்பு வருகிறது. எனக்கு இரண்டும் வேண்டாம். மாற்றுவது மனிதன் கையில் இல்லை, பரிசுத்த ஆவியானவரின் வேலை என்று பிரசங்கத்தில் சொல்லிவிட்டு, ஆள் கணக்கை ஆண்டறிக்கையில் போடுவதில்தான் எனக்குச் சங்கடம். மேலதிகாரி தமக்குக் கீழே வேலை பார்ப்பவரிடம் தாமாகத் தொடங்கி மதம் பேசுவது, கட்டிலில் கிடக்கும் நோயாளியிடம் அவர் எழுந்து போக முடியாத நேரத்தில் கைப்பிரதி நீட்டுவது, பள்ளிக் கட்டணச் சலுகையோடு ஆராதனைக்கு வரச் சொல்லுவது ஆகியவை சட்டத்தில் குற்றமா இல்லையா என்பது ஒருபுறம் இருக்கட்டும். வேண்டாம் என்று சொல்ல முடியாத இடத்தில் இருப்பவரிடம் பேசுவதில் பேதுரு சொன்ன "வணக்கம்" எங்கே இருக்கிறது? அதே மேலதிகாரியிடம் அதே ஊழியர் தாமாக வந்து, இவ்வளவு நெருக்கடியிலும் நீங்கள் ஏன் யார்மேலும் எரிந்து விழுவதில்லை என்று கேட்டால், அது வேறு. அப்போது வாயை மூடிக்கொண்டு "அது என் சுபாவம்" என்று சொல்லித் தப்பித்தால் அதுவும் உண்மையாகாது.

கேள்வி தானாக எழும்பிய இடம் ஒன்றைச் சொல்லவேண்டுமானால் தோர்ணக்கல்லைச் சொல்லுவேன். தூத்துக்குடி மாவட்டம் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வே.ச.அசரியா, 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் உருவாக முன்னின்றவர். அந்தச் சங்கத்தின் வேலை நிஜாம் சமஸ்தானத்துத் தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லைச் சுற்றித் தொடங்கியது. பின்னர் அவரே அங்கு போனார். 1912இல் அந்தப் பகுதியின் பேராயரானார், ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர். ஞானஸ்நானம் பெற்றவர்கள் தங்கள் தலையில் தாங்களே கை வைத்துக்கொண்டு, "நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன், சுவிசேஷத்தை நான் அறிவியாதிருந்தால் எனக்கு ஐயோ" என்று சொல்லும்படி அவர் பழக்கினார் என்பதை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். அவர் சபையார் பெரும்பாலும் மாலா, மாதிகா என்ற தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்ட மக்கள், கூலிக்காரர்கள், எழுதப் படிக்க அறியாதவர்கள். குடியை விட்டது, வாரந்தோறும் கூடிப் பாடியது, பிள்ளைகளைப் படிக்க வைத்தது, சுத்தமாக இருந்தது ஆகிய மாற்றங்களை ஊர்த் தெருவில் இருந்த சாதி இந்துக்கள் ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர்களிலும் பலர் வந்து விசாரித்தார்கள். சிலர் சபையிலும் சேர்ந்தார்கள். நிலத்தில் தங்களிடம் கூலி வேலை செய்தவரிடம் போய், உனக்கு என்ன ஆயிற்று என்று நிலக்காரர் கேட்பது அந்தக் காலத்தில் சின்னக் காரியம் அன்று. அந்தக் கூலிக்காரர் என்ன பதில் சொல்லியிருப்பார்? மூவொருமைத் தத்துவத்தை விளக்கியிருக்கமாட்டார். யோவான் ஒன்பதாம் அதிகாரத்துப் பிறவிக்குருடன் பரிசேயரிடம் சொன்னதைப் போல, முன்பு இப்படி இருந்தேன், இப்போது இப்படி இருக்கிறேன், இடையில் நடந்தது இது என்று சொல்லியிருப்பார்.

ஆனால் சொந்த அனுபவத்தோடு எல்லாம் முடிந்துவிடும் என்றும் சொல்லமுடியாது. படித்தவர்கள் கேட்கிற கேள்விக்குப் படித்துத்தான் பதில் தேட வேண்டும். எங்கள் வேதபாடக் குழுவில் இப்போது, அந்தந்த வாரம் வெளியாட்கள் நம்மிடம் உண்மையாகக் கேட்ட கேள்விகளை மட்டும் எடுத்துப் பேசுகிறோம். நாமாகக் கற்பனை செய்த கேள்விகளுக்கு இடமில்லை. அண்மையில் கல்லூரியில் படிக்கிற பெண் ஒருத்தி கொண்டுவந்தது, அவளுடைய விடுதித் தோழி கேட்டது: 2004 சுனாமி கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், வேளாங்கண்ணிக்கு வந்திருந்தவர்களையும் வாரிக்கொண்டு போனதே, உங்கள் சாமி அப்போது எங்கே இருந்தார்? ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் யோபு புத்தகத்தை எடுத்தார். இன்னொருவர் சிலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததைப் பற்றி இயேசு சொன்னதை எடுத்து, செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் அல்லர் என்பதை மட்டும் அவர் உறுதியாகச் சொன்னார், ஏன் விழுந்தது என்று சொல்லவில்லை என்றார். ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிற்று. கடைசியில் அந்தப் பெண், "அக்கா, இதுக்கு எங்களுக்கும் முழுசாப் பதில் தெரியல. ஆனா சிலுவையில அவரே சாகுறதுனால, அவரு கரையில நின்னு வேடிக்கை பார்த்தாருன்னு எங்களால நினைக்க முடியலன்னு சொன்னாப் போதுமா?" என்று தலைமையாசிரியரின் மனைவியிடம் கேட்டாள். அவர், "அதைச் சொல்லு. சொல்லிட்டு, அந்தப் பிள்ளை வீட்டுல யாரும் அதுல போயிருக்காங்களான்னு முதல்ல கேளு" என்றார். அதை அதுவரை எங்களில் யாரும் கேட்டிருக்கவில்லை. வரும் வாரம் அவள் கேட்டுக்கொண்டு வருவாள். சாதியைப் பற்றிய கேள்வியும் மறுபடி பட்டியலில் இருக்கிறது.